ஊருக்கு ஒரே கடை

கேன்சஸில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். ஊரில் ஒரே ஒரு டாலர் கடை. வால்மார்ட்டுக்கு 60 மைல். சனிக்கிழமைதோறும் அங்கே போய் வாங்குவது லாபமா?
– ஒரு வாசகி, கேன்சஸ்

இல்லை அம்மா. அமெரிக்க வருமான வரித்துறை 2025-இல் அலுவல் பயணத்துக்கு வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். போக வர 120 மைல் என்றால், பெட்ரோலோடு வண்டித் தேய்மானமும் சேர்த்து ஒரு நடைக்கு 84 டாலர்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மாதம் ஒரு நடை போதும். அரிசி, பருப்பு, எண்ணெயை மொத்தமாக வாங்கிவிடுங்கள். டாலர் கடையில் அவசரத்துக்கு மட்டும். அங்கே பொட்டலம் சிறிது, அதனால்தான் விலை குறைவாகத் தெரிகிறது; அவுன்ஸுக்கு என்ன விலை என்று பாருங்கள், பல சாமான்களில் குட்டு வெளிப்படும்.

அசைவம் உண்டென்றால் உங்களுக்கு யோகம்தான். பக்கத்துப் பண்ணைகளில் ஆடு வளர்ப்பவர் யாரென்று விசாரியுங்கள். முழு ஆட்டை விலை பேசிக்கொண்டால், கூலிக்கு அறுத்து வெட்டிப் பொட்டலம் கட்டித்தர அந்தப் பக்கத்தில் ‘மீட் லாக்கர்’கள் இருக்கின்றன. பெரிய ஃப்ரீசர் ஒன்று வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று: மளிகைக்கான மாநில விற்பனை வரியை கேன்சஸ் 2025 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. ரசீதில் இன்னும் வரி தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது நகரமும் கவுன்டியும் போடுவது.