கொலுப்படியும் பயணப் பையும்

ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல், மார்கழியில் கோலம், தையில் பொங்கல் என்று வீட்டை அலங்கரிக்கும் நாட்கள் வரிசை கட்டி வருகின்றன. பிள்ளைகளுக்கு லீவு விட்டு ‘எங்கயாவது போலாமே’ என்று வீடே கேட்பதும் அதே நாட்களில்தான். இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை. எந்த அலங்காரத்தைப் போட்டது போட்டபடி பூட்டிவிட்டுப் போகலாம், எதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

1. மாவிலை அழுகாது, காயும். அதனால் மாவிலைத் தோரணத்தை நிலைவாசலில் விட்டுவிட்டே ஊருக்குப் போகலாம். இலைகளைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுத் துடைத்து, காம்புப் பக்கம் மடித்து ஈர்க்குச்சியால் குத்துங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நிலைப்படியில் கறை வைக்கும். செண்டுமல்லி, சாமந்திச் சரங்கள் வேறு ரகம். பூட்டிய வீட்டில் இரண்டாம் நாளே வாடை வரும், பூச்சி மொய்க்கும். கிளம்பும் காலையிலேயே சாமி படத்துப் பூவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

2. பிள்ளையாரை வண்ணம் பூசாத களிமண்ணில் வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அந்த மண்ணும் தண்ணீரும் தொட்டிச் செடிக்கே போகும். எருக்கம்பூ மாலை கட்டியவர்கள் கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. அந்தப் பால் கண்ணுக்கு ஆகாது.

3. கொலு வைத்த வீட்டை ஒன்பது நாளும் பூட்ட முடியாது. விளக்கு, சுண்டல், வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் என்று தினமும் வேலை இருக்கும். ஆகவே கொலுவுக்கான பயணத்தைக் கொலுவுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி என்று பொம்மை செய்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற கைகளே கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கின்றன. ஆடி, ஆவணியில் போனால் வேலை நடப்பதையும் பார்க்கலாம், நிதானமாகப் பொறுக்கியும் எடுக்கலாம். மகாளய அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது போனால் மிஞ்சியதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். பொம்மையின் கழுத்து, மணிக்கட்டு, பீடம் சேரும் இடம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். காகிதக் கூழ் பொம்மை எடை குறைவு, பஸ்ஸில் கொண்டு வரலாம். மண் பொம்மைக்கு வைக்கோல் சுற்றித் தரச் சொல்லுங்கள். காரில் வந்தால் டிக்கியில் போடாமல் இருக்கைக்குக் கீழே நெருக்கி வையுங்கள்.

4. படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். ஒன்பது இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு அறை ஃபிளாட்டில் மூன்று படி தாராளம். டிரங்குப் பெட்டி, ஸ்டூல், செங்கல் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்து இழுத்துக் குத்தினால் படி தயார். சீரியல் விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும். அதன் ஒயரைத் துணிக்கு அடியில் ஓட விடாதீர்கள்.

5. பொம்மைகளை எடுத்து வைப்பதில்தான் அடுத்த வருடக் கொலு இருக்கிறது. கலைப்பதற்கு முன் படி படியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தசாவதார வரிசை மறந்து போகாது. ஒவ்வொரு பொம்மையையும் துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாள் சுற்றலாம். தாளை நேராகச் சுற்றினால் அச்சு மை வெளிர் நிறப் பொம்மையில் ஒட்டும். பெட்டிக்குள் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும். பாச்சை உருண்டையை வண்ணம் பூசிய பொம்மையோடும் பிளாஸ்டிக் பொம்மையோடும் ஒட்டிப் போட வேண்டாம். கனமானது அடியில், செட்டியார் கடைக் காய்கறிகளும் சில்லறை மரச் சாமான்களும் மேலே. பெட்டியின் வெளியே ‘3-ஆம் படி, கல்யாண செட்’ என்று பெரிதாக எழுதுங்கள். மரப்பாச்சியை மட்டும் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். அடுத்த வருடம் முதலில் தேடப்போவது அதைத்தானே!

6. புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் அது குடிக்கும் எண்ணெய் குறையும். பழைய அகலைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பிசுக்கு விடும். மாடிச் சுவரில் வைக்கும் விளக்குக்கு அடியில் வாழையிலைத் துண்டு போட்டால் எண்ணெய்க் கறை இறங்காது. எரிகிற விளக்கை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டாதீர்கள். தெரு முனைக் கடைக்குப் போவதாக இருந்தாலும் சரி.

7. தீபம் பார்க்கத் திருவண்ணாமலை போக ஆசையா? கார்த்திகை தீபத்தன்றே போய்க் கூட்டத்தில் சிக்க வேண்டும் என்பதில்லை. மலையுச்சியில் ஏற்றும் மகாதீபம் 11 நாட்கள் எரியும். பெரிய கார்த்திகைக்கு வீட்டில் விளக்கேற்றிவிட்டு, இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் குழந்தைகளையும் வயதானவர்களையும் நிம்மதியாக அழைத்துப் போகலாம்.

8. மார்கழியில் கோலமில்லாத வாசல், ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். கிளம்புகிற முந்தின இரவு மாக்கோலம் போடுங்கள். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மையாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, சிறு துணியை நனைத்து விரல் வழியே இழுக்க வேண்டும். போடும்போது மங்கலாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். ஓரத்தில் காவி இட்டால் எடுப்பாக இருக்கும். மழை பெய்யாவிட்டால் சில நாள் நிற்கும். சிமென்ட் தரையிலும் சிவப்புத் தரையிலும் நன்றாகப் பிடிக்கும்; வழவழப்பான டைல்ஸில் பிடிக்காது. இதைவிட நல்ல வழி, ‘நான் வர்ற வரைக்கும் நம்ம வாசல்லயும் நாலு புள்ளி வச்சுடுங்கக்கா’ என்று அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. ஸ்டிக்கர் கோலம் எனக்குப் பிடிப்பதில்லை. ஓரமெல்லாம் அழுக்கு சேர்ந்து, பிய்க்கும்போது பசை தரையோடு நின்றுவிடுகிறது.

9. காகித நட்சத்திரம் தொங்கவிடுகிற வீடுகளில் உள்ளே எல்.இ.டி. பல்ப் மட்டுமே போடுங்கள். பழைய குண்டு பல்ப் சூடேறும். ஊருக்குப் போகும்போது அதையும் அணைத்துவிடுங்கள். பகலிலும் விடாமல் எரியும் நட்சத்திரம், வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

10. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நவம்பர் நடுவில் காலண்டரில் வட்டம் போட வேண்டும். அதாவது கார்த்திகை பிறக்கும் சமயத்திலேயே தைக்கு டிக்கெட். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸ் நடைமுறையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தொடங்கியது அது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. வீட்டு எவர்சில்வர் பாட்டிலே துணை.

11. பால், பேப்பர், தண்ணீர் கேன் மூன்றையும் முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். அருவியில் குளிக்கிற படத்தைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் வைக்கலாம். அருவி எங்கும் போய்விடாது.

12. அடுக்களையில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவது முதல் வேலை. ஒரே ஒரு வாழைப்பழம் மேடையில் கிடந்தாலும் திரும்பி வரும்போது கொசுறாகப் பழ ஈக்கள் பறக்கும். சிங்க், குளியலறைத் துவாரங்களில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சல்லடையை மூடுங்கள். கரப்பான் ஏறாது. ஃபிரிட்ஜை அணைக்காமல் போவதானால் ஃபிரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. அடிக்குப் போய்விட்டிருந்தால் நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் ஐஸ் உருகியிருக்கிறது என்று அர்த்தம். இட்லி மாவையும் பாலையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

13. தொட்டிச் செடிகளை நிழலில் ஒன்றாக நெருக்கி வைத்து, நடுவில் சற்று உயரமாக ஒரு வாளித் தண்ணீர். பருத்தித் துணித் திரியின் ஒரு முனை வாளியில், மறுமுனை தொட்டி மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில். நான்கு நாள் தாங்கும். துளசிக்கு இரண்டு திரி போடலாம்.

14. வழிக்குத் தயிர்சாதம் கட்டும்போது தயிர் கொஞ்சம், பால் நிறைய. சாதத்தைக் குழைய மசித்து ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் உறைந்திருக்கும். வெங்காயம் போட வேண்டாம். இட்லியை இரண்டு பக்கமும் எண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடி தடவி வாழையிலையில் அடுக்குங்கள். தேங்காய்ச் சட்னியை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

15. கோடையில் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பவர்கள், ஊருக்குப் போகும் முன் அதை வெயிலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும். பத்தமடைப் பாயை எப்போதும் சுருட்டுங்கள், மடிக்காதீர்கள்; மடித்த இடத்தில் கோரை ஒடியும்.

16. திரும்பி வந்ததும் கதவைத் திறந்து, சுவிட்சைத் தொடுமுன் ஒரு முறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கேஸ் வாடை இல்லையென்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் பதிந்துவைத்திருக்க வேண்டும்.