உம்மாவைக் கட்டிப்போடும் நாள்

"அன்னையர் தினம்" என்று நாம் பன்மையில் சொல்கிறோம். இந்த நாளை அமெரிக்காவில் தொடக்கிவைத்த ஆனா ஜார்விஸ் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒருமையிலேயே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார் எல்லோரையும் பொதுவாக அல்ல, அவரவர் தம்மைப் பெற்ற தாயை நினைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். 1908 மே 10ஆம் திகதி கிராஃப்டன் நகரத் தேவாலயத்தில் நடந்த நிகழ்வுக்கு, தன் தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500ஐ அனுப்பிவைத்தார். 1914இல் ஜனாதிபதி வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். பிறகு பூக்கடைக்காரரும் வாழ்த்து அட்டைக் கம்பனிகளும் இலாபம் பார்க்கத் தொடங்கவே, அதே ஜார்விஸ் அவர்களோடு மல்லுக்கு நின்றார். பாவம், தோற்றுப்போனார்.

எகிப்தில் இந்த நாள் மார்ச் 21. முஸ்தபா அமீன், அலி அமீன் என்ற இரட்டைச் சகோதரர்களான பத்திரிகையாளர்களின் முயற்சியால் 1956 முதல் அங்கு கொண்டாடப்படுகிறது. பல அரபு நாடுகளிலும் அதே நாள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது செர்பிய வழக்கம். நத்தாருக்கு முந்திய இரண்டாவது ஞாயிறு, காலையிலேயே பிள்ளைகள் சத்தமில்லாமல் போய்த் தாயின் கால்களைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். இனிப்போ சிறு பரிசோ கொடுத்தால்தான் விடுதலை! அதற்கு முந்திய ஞாயிறு பிள்ளைகள் கட்டுப்படுவார்கள். அடுத்த ஞாயிறு தந்தையின் முறை.

இதை வாசித்த கிழமையே எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். உம்மா பகலில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. "இன்றைக்கு நாங்கள் சமைக்கிறோம்" என்றாலும், பின்னாலேயே வந்து சட்டி கழுவுவார். அதனால் பிளேன்டீ குடிக்கக் கதிரையில் அமர்ந்த நேரம் பார்த்து, என் பாடசாலை ரிபனால் இரு கால்களையும் கட்டினோம்.

"என்ன புள்ள இது பைத்தியம்! ஆணம் அடிப்புடிக்கப் போவுது!" என்று உம்மா சிரித்தார். தம்பி ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். முடிச்சுப் போடக் குனிந்தபோதுதான் உம்மாவின் குதிகால் வெடிப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆழமாக இருந்தது. வலிக்குதா என்று கேட்டேன். "அது எப்பவும் உள்ளதுதானே" என்றார்.

முடிச்சை அவிழ்க்கப் பத்து ரூபாய் கேட்டான் தம்பி. உம்மா தரவில்லை. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் எண்ணெய் கொண்டுவந்து குதிகாலில் தடவினேன்.

"ராத்தா, வாப்பாவ எப்ப கட்டுற?" என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.