வாடாத வளையம்



மலர்வளையம் என்றதும் நம் மனம் எங்கே செல்கிறது? கல்லறைத் தோட்டத்திற்குத்தான். நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறையில் வைத்துவிட்டு வரும் வளையம் இரண்டொரு நாளில் கருகிவிடுகிறது. ஆனால் வளையம் துக்கத்திற்கு மட்டுமே உரியதன்று. 1839-இல் செருமனியின் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைச் சிறுவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எஞ்சிய நாட்களை எண்ணி மகிழ்வதற்காக, ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு வைத்தார். இன்றைய திருவருகைக் கால வளையம் அதிலிருந்து வளர்ந்ததே.

நம் ஓசூரில் ஒருபுறம் தொழிற்சாலைச் சங்கொலி. மறுபுறம் பசுமைக்குடில்களில் ரோஜா. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மண்ணின் இதமான தட்பவெப்பம் பூவுக்கு ஏற்றது. இங்கு விளையும் 'தாஜ்மகால்' என்னும் செந்நிற ரோஜா கடல் கடந்தும் செல்கிறது. ஆயினும் பூவுக்கு ஆயுள் குறைவு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து திருமணங்களும் விழாக்களும் நின்றபோது, இப்பகுதி விவசாயிகள் பறித்த பூவைக் கொட்ட நேர்ந்தது. எங்கள் குழுத் தோழி ஒருத்தியின் தந்தையும் அவர்களுள் ஒருவர். அவள் அதை மறக்கவில்லை. "பூவைக் காப்பாற்ற வழியே இல்லையா?" என்ற அவளுடைய கேள்வியே இப்பாடத்தின் தொடக்கம்.

வழி உண்டு. தூத்துக்குடியிலிருந்து உலர்ந்த பூக்களும் இலைகளும் காய்களும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின்றன. வறண்ட காற்றும் துறைமுகமும் அவ்வூருக்குத் துணை. அத்தொழிலின் அடிப்படையை நாம் வீட்டிலேயே கற்கலாம்.

எந்தப் பூ?

பூவின் எடையில் பெரும்பகுதி நீரே. அந்நீர் விரைந்து வெளியேறினால் பூ உலரும், தங்கிவிட்டால் அழுகும். எனவே இயல்பிலேயே ஈரம் குறைந்த வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ ஆகியவை தொடக்கத்திற்கு ஏற்றவை. ரோஜாவைப் பாதி மலர்ந்த நிலையில் பறிக்க வேண்டும். சிவப்பு ரோஜா உலர்ந்தால் கருமை படரும். இளஞ்சிவப்பு அழகாக நிற்கும். செண்டுமல்லியின் நடுப்பகுதியில் ஈரம் தங்குமாதலால் அதற்குக் கூடுதல் நாட்கள் வேண்டும். இவற்றுடன் நம் மாவட்டத்தின் பெருமையான கேழ்வரகுக் கதிரையும் தைலமரத்து இலையையும் சேர்த்துக்கொள்ளலாம். அரளி நஞ்சுடையது, அதைத் தவிர்க்க வேண்டும்.

உலர்த்தும் முறை

பனி நீங்கிய பின், வெயில் ஏறுமுன் பறிக்கவும். இலைகளை நீக்கி, ஐந்தாறு காம்புகளை ஒரு கொத்தாக ரப்பர் வளையத்தால் கட்டவும். நூல் ஏன் கூடாது? காம்பு உலர உலரச் சுருங்கும்; நூல் தளர்ந்து பூ விழுந்துவிடும்; ரப்பரோ தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கொத்துகளைத் தலைகீழாக, காற்றோட்டமுள்ள இருட்டறையில் தொங்கவிடவும். வெயில் நிறத்தைத் தின்றுவிடும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் காம்பு 'படக்' என்று ஒடிந்தால் பூ தயார்.

ரோஜாவின் வடிவம் குலையாதிருக்க மணல் முறை உண்டு. சலித்துக் கழுவி நன்கு காயவைத்த மணலை ஒரு டப்பாவில் இரண்டு விரற்கடை பரப்பி, பூவை நிறுத்தி, இதழ்களின் இடையிலும் மணல் புகும்படி மெல்லத் தூவி மூடவும். டப்பாவின் வாய் திறந்தே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து மணலை மெதுவாகச் சரித்துப் பூவை எடுக்கலாம்.

எங்கள் முதல் முயற்சி தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி மழையில், அவசரத்தில், இருபது காம்புகளை ஒரே கட்டாகக் கட்டிச் சமையலறையில் தொங்கவிட்டோம். பதினோராம் நாள் பூசணம் பூத்தது! தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களே இவ்வேலைக்கு உகந்தவை என்று அன்று கற்றோம்.

வளையம் கட்டுதல்

வளையத்திற்கு வேலியோரத்து உண்ணிச்செடிக் குச்சியே போதும். காடுகளை நெரிக்கும் இந்த அயல்நாட்டுச் செடியைக் கொண்டு, எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் நாற்காலிகளே செய்கின்றனர். முள் இருப்பதால் கையில் துணி சுற்றிக்கொள்ளவும். பெரியவர்கள் துணையோடு குச்சியை வேகவைத்துப் பட்டையை உரித்து, சூடு ஆறுமுன் 30 செ.மீ. குறுக்களவில் வளைத்து, சணல் கயிற்றால் கட்டவும்.

முதலில் இலையும் கதிரும், அதன்மேல் பூ. சிறு கொத்துகளாக ஒரே திசையில் வைத்துக் கட்டவும். ஒவ்வொரு கொத்தின் தலையும் முந்தைய கொத்தின் காம்பை மறைக்க வேண்டும். கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் அடியில் செருகினால் தொடக்கமும் முடிவும் தெரியாது. மாலை கட்டிப் பழகிய கைகளுக்கு இது கடினமன்று. ஆனால் இறுக்கினால் உலர்ந்த பூ நொறுங்கும்.

வெயிலும் மழையும் படாத சுவரில் மாட்டி, மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் ஓராண்டு வரை நிற்கும். ஒன்றை மறவாதீர்: உலர்ந்த பூ எளிதில் தீப்பற்றும். இதில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. மின்கல விளக்கு போதும்.

பாட்டியின் தீர்ப்பு

"காய்ந்த பூ வீட்டுக்கு ஆகாது" என்றார் எங்கள் தோழியின் பாட்டி. வளையத்தில் கேழ்வரகுக் கதிரைக் கண்டதும், குருவிகளுக்காக வாசலில் நெற்கதிர் கட்டிய நாட்கள் அவர் நினைவுக்கு வந்தன. "கதிர் தொங்கினா சரிதான்" என்று அவரே ஆணி அடிக்கச் சொன்னார். மாலையில் தோட்டத்திலிருந்து திரும்பிய தந்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பூவாம்மா?" என்றார்.

ஒரு வண்டிப் பூவை இக்கைவேலை காப்பாற்றிவிடாது; அதை நாங்கள் அறிவோம். ஆனால் வீணாவதைப் பார்த்து வருந்துவதோடு நில்லாமல், ஒரு கைப்பிடியையேனும் காக்கக் கற்றோம். வரும் தை மாதத்தில் நீங்களும் ஐந்து காம்புகளோடு தொடங்குங்கள்!