மூச்சே கைப்பிடி

கேள்வி: மெய்நிகர் காட்சிக் கருவியில் தியானம் எப்படி வடிவமைக்கப்படுகிறது?
– வாசகர், திலக் நகர், மும்பை

பதில்: மெய்நிகர் தியானத்துக்கு நல்ல அடித்தளம் மூச்சுதான். கனடாக் கலைஞர் சார் டேவிஸ் 1995இல் உருவாக்கிய ‘ஆஸ்மோஸ்’ என்ற மெய்நிகர் படைப்பு இதற்கு முன்னோடி. அதில் மார்பில் அணியும் உடுப்பு சுவாசத்தை அளக்கும். மூச்சை உள்ளிழுத்தால் பார்வையாளர் மேலெழுவார், வெளிவிட்டால் கீழிறங்குவார். உடல் சாய்ந்தால் திசை மாறும். கையால் இயக்க எதுவும் கிடையாது. ஆழ்கடலில் மூச்சைக் கொண்டே மிதக்கும் முக்குளிப்பு அனுபவத்திலிருந்து பிறந்த அருமையான யோசனை இது.

மெய்நிகர் காட்சியில் கண் காணும் அசைவை உட்செவி உணராவிட்டால் தலைசுற்றும், குமட்டும். ஆகவே உட்கார்ந்தே பார்க்கும் காட்சி, மிக மெதுவான நகர்வு, நிலையான தொடுவானம் ஆகியவை அவசியம். தலையில் அணியும் காட்சிக் கருவி ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ளது. கழுத்து வலிக்கும் முன் அமர்வு முடிய வேண்டும். பத்து நிமிடம் போதும்.

வழிகாட்டும் குரலில் சொற்களைவிட இடைவெளிகளே முக்கியம். மும்பையின் ஹார்பர் லைன் ரயில் அருகே ஓடும் வீட்டில், காதைத் திறந்தபடி விடும் ஒலிபெருக்கி உதவாது. காதை முழுதும் மூடும் ஹெட்போன் தேவை. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மெய்நிகர் காட்சிக் கருவியை அணியக் கூடாது.