மறைந்து செய்த குற்றமும் மறையாத சான்றும்

முன்னுரை

துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வாழும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு ஆவணத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சீட்டின்றிச் சரக்குப் பெட்டி வாயிலைக் கடப்பதில்லை. சரக்கு காணாமற்போனால் முதலில் புரட்டப்படுவது பதிவேடே. ஆயினும், நம் வீட்டுப் பெண்ணின் நற்பெயர் இணையத்தில் களவாடப்படும்போது மட்டும், "அழித்துவிடு, வெளியே சொல்லாதே" என்கிறோம். இவ்வறிவுரை குற்றவாளிக்கே துணைபோகிறது என்பதை, எழும்பூர் நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டு 4680ஆம் எண் வழக்கைக் கொண்டு காண்போம். சம்பந்தப்பட்டோர் பெயர்கள் நமக்கு வேண்டுவதில்லை. வழக்கு நடந்த முறையே பாடம்.

வழக்கின் வரலாறு

மணமுறிவு பெற்ற பெண்மணி ஒருவரை, அவர் குடும்பத்திற்கு அறிமுகமான ஒருவர் மணக்க விரும்பினார். அவர் இசையவில்லை. அதன்பின் யாகூ குழுவொன்றில் அப்பெண்மணியைப் பற்றி ஆபாசச் செய்திகள் வெளியாயின. அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டது. அச்செய்திகளை நம்பியவர்களிடமிருந்து அவருக்குத் தகாத தொலைபேசி அழைப்புகள் வரலாயின.

2004 பிப்ரவரியில் அவர் காவல்துறையை நாடினார். சில நாள்களிலேயே குற்றம் சாட்டப்பட்டவர் மும்பையில் கைதானார். மார்ச் 24 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 469, 509ஆம் பிரிவுகளும் இடம்பெற்றன.

சான்றுகள் பேசிய விதம்

அச்செய்திகளை முன்னாள் கணவரோ, புகார் தந்தவரோகூட அனுப்பியிருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் இவ்வாதத்திற்குக் கண்ணீர் விடையாகாது, சான்றே விடையாகும். மின்னணு ஆவணங்கள் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி ஏற்கத்தக்கன அல்ல என்றும் வாதிடப்பட்டது. வல்லுநர் சாட்சியத்தையும், பிரௌசிங் சென்டர் உரிமையாளர்களின் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. 67ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டுக் கடுங்காவலும் 4000 ரூபாய் அபராதமும், 469இன்கீழ் இரண்டாண்டுக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும், 509இன்கீழ் ஓராண்டு வெறுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறைத் தண்டனைகளை ஒரே காலத்தில் அனுபவிக்குமாறு ஆணையிடப்பட்டது. 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இது கருதப்படுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி எட்டுத் திங்கள்கூட நிறைவுறாத நிலையில் தீர்ப்புக் கிடைத்தமை நோக்கத்தக்கது.

சட்டம் கண்ட வளர்ச்சி

அன்று பின்தொடர்தலுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. 2013இல்தான் 354டி பிரிவு சேர்க்கப்பட்டது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவுபடுத்திய பின்னும் தொடர்புகொள்ள மீண்டும் மீண்டும் முயல்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றமாயின. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. முதல் குற்றத்திற்கு மூன்றாண்டு வரையிலும், மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. மின்னணுச் சான்றுக்குரிய 65பி பிரிவின் இடத்தைப் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு பெற்றுள்ளது. குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம்.

நிறைவுரை

மாணவியர்க்கு நாம் கூறுவது இதுவே: வந்த செய்தியை அழிக்காதீர்கள். நாள், நேரம், அனுப்பிய கணக்கின் முகவரி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். திரையைப் படமெடுத்தாலும் மூலச் செய்தியைக் கைப்பேசியிலேயே காத்திடுங்கள். அளித்த புகாருக்குரிய முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுங்கள்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். துன்புற்ற மகளின் கைப்பேசியைப் பறிப்பதும், கல்லூரியிலிருந்து அவளை நிறுத்துவதும், குற்றம் செய்தவனுக்குரிய தண்டனையை அவளுக்கு வழங்குவதாகும். எழும்பூர் வழக்கில் ஒரு பெண்மணி வாய் திறந்தார். அவர் தந்த புகாரின் வழியே சான்றுகள் திரண்டன. நம் வீட்டுப் பெண்ணும் வாய் திறக்க வேண்டுமாயின், அவள் சொல்வதை முதலில் நம்பிக் கேட்பவர்களாக நாம் இருத்தல் வேண்டும்.