ஹெராயினிலிருந்து மீள்வோருக்கு எந்தக் குழு?

ஹெராயினை, தெருவில் சொல்வதானால் பிரவுன் சுகரை, விட்டவருக்கு அதே பாதையைக் கடந்து வந்தவர்களின் துணை பெரிய பிடிமானம். மதுரை வட்டாரத்தில் ஒரு குழுவில் சேர நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புப்ரெனார்ஃபின் என்ற சிகிச்சை மாத்திரை எடுப்பவரை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?

இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவார்கள். உடல்வலியும் ஏக்கமும் அடங்கும். போதை ஊசி போட்டுக்கொள்வோருக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இது இலவசம். குழுவின் பேச்சைக் கேட்டு இதை நிறுத்திவிட்டு, தடுமாறி மறுபடி ஹெராயினைத் தொடுபவருக்குப் பழைய அளவே எமனாகிவிடும். உடலின் தாங்குதிறன் அதற்குள் குறைந்திருக்கும். மாத்திரை எடுப்பவரைத் திருந்தாதவர் என்று ஒதுக்கும் குழு, எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வேண்டாம்.

1953இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ், போதைப்பொருள் பழகியவர்களுக்கென்றே உள்ளது. விட வேண்டும் என்ற விருப்பம் போதும்; கட்டணம் கிடையாது. முதல் நாள் வருபவர் கையில் வெள்ளைச் சாவி வில்லை ஒன்றைத் தருவார்கள். முப்பது நாள் தாண்டினால் ஆரஞ்சு. தடுக்கி விழும் இரவில் அழைக்க ஒரு ஸ்பான்சர் கிடைப்பார். ஆனால் மாத்திரை விஷயத்தில் குழுவுக்குக் குழு நடைமுறை மாறும். சில இடங்களில் மாத்திரை எடுப்பவர் கேட்கலாம், பேசக்கூடாது. நேரில் விசாரித்தே சேர வேண்டும்.

1935இல் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குடிநோயாளிகளுக்கானது. திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். குடியும் சேர்ந்திருப்பவருக்கு மிக உதவும். ஹெராயின் மட்டும் என்றால் பேச்சு முழுதாகப் பொருந்தாது.

விட்ட முதல் சில மாதங்களுக்குச் சிகிச்சை பெறும் இடத்திலேயே நடக்கும் குழுதான் பாதுகாப்பானது. அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையிலோ ஆலோசகரிடம் இதை விசாரிக்கலாம். மருத்துவரும் அருகில் இருப்பார்.

மேலூர், உசிலம்பட்டிக்காரர்கள் திரும்பும் பஸ்ஸையும் கணக்கில் வைக்க வேண்டும். வாரம் தவறாமல் போக முடியாத நல்ல குழுவைவிட, போக முடிகிற சுமாரான குழு மேல். இடையில் இணையவழிக் கூட்டங்கள் கைகொடுக்கும். தாய்க்கும் மனைவிக்கும் தனியாக நார்-அனான் என்ற அமைப்பு உண்டு.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, மனநல உதவிக்கான 14416ஐயோ இன்றே அழைக்கலாம்.