தோல் ஷூவுக்கு ரப்பர் அடி

கல்யாணத்துக்கென்று வாங்கிய தோல் ஷூவின் அடியும் தோல்தானா? மண்டபத்து ஈர டைல்ஸில் வழுக்கும். மழைத் தண்ணீரையும் உறிஞ்சும். முன்பாதத்துக்கு மட்டும் மெல்லிய ரப்பர் அடி ஒட்டிவிடுங்கள். ஒன்று முதல் இரண்டு மி.மீ. கனம் போதும். அதற்கு மேல் போனால் ஷூ வளையாது, பார்க்கவும் முரட்டுத்தனமாக இருக்கும்.

புத்தம் புதிதாக இருக்கும்போதே ஒட்டலாம். சில நாள் போட்டு நடந்து, அடித்தோல் காலுக்கேற்ப வளைந்தபின் ஒட்டுவது என் கட்சி. தையல் தேயும்வரை மட்டும் விடாதீர்கள்.

ஒட்டு நிற்பதும் பிரிவதும் முன்வேலையில்தான் இருக்கிறது. தோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உப்புத்தாளால் அதன் வழவழப்பு போகத் தேய்த்து, தோல், ரப்பர் இரண்டிலும் பசை தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின்தான் அழுத்திச் சுத்தியலால் தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரப்பசையில் ஒட்டினால் ஓரம் பிரியும். செருப்பு தைப்பவர் ஆணி அடிக்கக் கேட்டால், வேண்டாம் என்றுவிடுங்கள். துளை வழியே தண்ணீர் இறங்கும்.

கட்டைவிரலால் அழுத்தும்போது அடியின் நடுப்பகுதி மெத்தென்று அமுங்குகிறதா? அதன்மேல் ரப்பர் ஒட்டிப் பயனில்லை, அடித்தோலையே மாற்றுங்கள்.